நாலாவது சொட்டு

ஓர் ஆளின் ரத்த வகையைத் தப்பாக எழுதிக் கொடுத்தவள் நான். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சமும் தயங்காமல், கொஞ்சம் பெருமையோடும்தான் எழுதிக் கொடுத்தேன். லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் நல்ல பெயரைப் பற்றி யார் யாரோ சொல்லியிருப்பார்கள். அதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முறையாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதச் சேர்ந்தேன். லேபில் இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மைக்ராஸ்கோப் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. ஒரு பழைய பாடப் புத்தகத்தை அகராதியோடு வைத்துப் படித்து, புரியாததை டாக்டரம்மாவிடம் கேட்டு, அவர் அலுத்துக்கொண்டால் மறுநாள் வேறு மாதிரி கேட்டு, இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு பள்ளிக்கூடமும் எனக்கு இருந்தது. கையைக் கட்டி ரத்தம் எடுக்கும் நேரத்தில் ஜனங்கள் பேசுவார்களே, அது. பயத்தில் என்னென்னவோ பேசுவார்கள். "எனுக்கு ரத்தம்லாம் கீதும்மா, அதுக்கு நடமாட்டம்தான் இல்ல" என்றார் ஒரு பெரியவர். "எறும்பு கடிச்சா நசுக்கலாம், உன்னை இன்னா பண்றது?" என்று கேட்டாள் ஒருத்தி. வேடிக்கைக்காகத்தான் கேட்டுக்கொள்வேன். சில சமயம் அந்த வேடிக்கைக்குள் நோய் உட்கார்ந்திருக்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரகடம் பக்கமெல்லாம் அப்போது வயலும் ஏரியும்தான். மறைமலை நகரில் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. விடிகாலையில் கம்பெனி பஸ் ஊர் ஊராக நின்று முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடாத ஒரு வருஷம். ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். அந்த பஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குள் வந்து நின்றது.

நாலு பேர் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏழுமலை என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு மணி நேரமாக மழையில் பஸ்ஸுக்கு நின்றவர், பஸ் வந்ததும் ஏறக் காலைத் தூக்கி, அப்படியே விழுந்திருக்கிறார். கட்டிய சோற்றைக் கொடுக்க பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்த அவர் மனைவி கன்னியம்மாவும் அதே பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். பஸ்ஸில் இருந்த ஷிப்டு ஆட்கள் மொத்தமும் வராந்தாவில் இறங்கி நின்றார்கள். கம்பெனிக்குப் போகும் வழியில் ஏரி உடைத்துக்கொண்டு ரோட்டின் மேல் ஓடுவதாகச் செய்தி வந்திருந்தது. அதனால் பஸ் அங்கேயும் போக முடியாது, நோயாளியைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் முடியாது.

ஏழுமலையின் கண் மஞ்சளாக இருந்தது. உள்ளங்கை காகிதமாக வெளுத்திருந்தது. நான் ரத்தம் பார்த்தேன். பதிமூன்று இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் நாலு கிராம்.

"காயம் ஒண்ணும் இல்லை, ரத்தம் எங்கயும் போகலை. பின்ன எப்படி நாலு?" என்றார் டாக்டரம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "சரி, அதைப் பிறகு பாக்கேன். முதல்ல ரத்தம் ஏத்தணும். வகையைப் பாருட்டி, சீக்கிரம்."

சீக்கிரம் என்றால் நான்தான். எங்கள் காலத்தில் ரத்த வகை பார்க்க ஒரு வெள்ளை ஓட்டுத் தகடு, அதில் குழி குழியாக இருக்கும். மூன்று குழியில் ஏ, பி, ஆர்.எச். என்று மூன்று சீரம், ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். ஒவ்வொன்றிலும் நோயாளியின் ரத்தம் ஒரு சொட்டு. எதில் ரவை மாதிரி திரள்கிறதோ அதை வைத்து வகையைச் சொல்லலாம். நாலாவது குழியில் வெறும் உப்புநீரில் ஒரு சொட்டு ரத்தம் விட வேண்டும். அங்கே திரளக் கூடாது. அங்கேயும் திரண்டால் மற்ற மூன்றையும் நம்பாதே என்று அர்த்தம்.

ஆறு வருஷமாக அந்த நாலாவது சொட்டு எனக்கு ஒரு நாளும் திரளவில்லை. ஒரு நாளும் திரளாததற்கு எதற்கு ஒரு சொட்டு வீண் என்று எப்போதோ விட்டுவிட்டேன். எந்த நாளில் விட்டேன் என்றுகூட நினைவில்லை. இந்த மாதிரிப் பழக்கங்கள் நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சீரம். மழைக் குளிரில் சில்லென்று கிடந்த தகடு. மூன்று சொட்டும் திரண்டன. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கும் கேட்கும்படி, "ஏபி பாசிட்டிவ்" என்று சொல்லிச் சீட்டில் எழுதினேன். நோயாளியின் சீரத்தை வைத்து, எழுதிய வகை சரிதானா என்று திருப்பிப் பார்க்கிற மறுபக்கச் சோதனையை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று ஒதுக்கினேன்.

"அட, நான் ஏபி தாம்மா!" என்று ஒரு குரல். பஸ்ஸில் வந்த சூப்பர்வைசர். கம்பெனியில் எடுத்துக் கொடுத்த கார்டைப் பர்ஸிலிருந்து உருவிக் காட்டினார். "நூறு பேர்ல அஞ்சாறு பேருக்கு மேல இருக்காதுன்னு சொன்னாங்க. எடுத்துக்கோங்க."

கார்டை நம்பாமல் அவருக்கும் பார்த்தேன். ஏபி பாசிட்டிவ்தான். அவரைப் படுக்கவைத்து ஒரு பாட்டில் எடுத்தேன். ஆட்கள் ஜன்னலில் நின்று, "சார், பாத்து. ஏழுமலைக்கு உங்க ரத்தம் ஏறிச்சின்னா நாளையிலேர்ந்து எங்களையெல்லாம் அவன் வெரட்டுவான்" என்றார்கள். அவரும் படுத்தபடியே சிரித்தார்.

பாட்டில் தயார். இன்னும் ஒரே ஒரு சோதனை. நோயாளியின் சீரத்தில் கொடுத்தவரின் ரத்தத்தைக் கலந்து, ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கலந்தேன். திரண்டது.

உப்புநீர் பழசாக இருக்கும் என்று நினைத்தேன். புதிதாகக் கரைத்துச் செய்தேன். திரண்டது. வராந்தாவில் இருந்த இன்னும் இரண்டு பேரின் விரலைக் குத்திக் கலந்து பார்த்தேன். எல்லாம் திரண்டன. வார்டிலிருந்து நர்ஸ் வந்து, "டாக்டரம்மா கேக்குறாங்க, நாடி ஓடுதே ஓடுதேன்னு ஓடுதாம், பாட்டில் எங்கேன்னு" என்றாள். ஐந்து நிமிஷத்தில் திரும்ப வந்தாள்.

சூப்பர்வைசர் கையை மடக்கிக்கொண்டு லேப் வாசலில் நின்றார். "இன்னாம்மா லேட்டு? ஏபிக்கு யார் ரத்தம் வேணா சேரும்னு சொல்வாங்க. என்னுது ஏபியேதான். அப்புறம் எப்படிச் சேராம போவும்?"

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் என்னைத் தள்ளியது. ஏபிக்கு ஏபி சேராமல் போக வழியே இல்லை, அப்படியானால் என் சோதனையில்தான் ஏதோ கோளாறு, ஓர் உயிரைக் காக்க வைத்துக்கொண்டு உப்புநீரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று தோன்றிவிட்டது. 'ஒத்துப்போகிறது' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்ததுவரை நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது கன்னியம்மா உள்ளே வந்தாள். நனைந்த புடவை. கையில் ஒரு தகரச் சட்டி.

"அக்கா, கொஞ்சம் நெருப்பு கெடைக்குமா? சமையக்கட்டுல கேட்டா, வார்டுக்குள்ள நெருப்புலாம் எடுத்துனு போகக்கூடாதுன்றாங்க. நீ சொல்லேன்."

"எதுக்கும்மா நெருப்பு?"

"அவரு பக்கத்துல வெச்சா நல்லாயிடுவாருக்கா. நெருப்பாண்ட இருந்தா மனுசன். தண்ணியாண்ட போனா பொணம்."

வேறு யாராக இருந்தாலும் அப்புறம் வா என்று அனுப்பியிருப்பார்கள். எனக்குத்தான் இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் கால் நகராதே. மேசையிலிருந்த ஏழுமலையின் ரத்த ட்யூபைக் கையில் எடுத்துப் பொத்திக்கொண்டு, "இன்னா சொன்ன, திரும்பச் சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். ஏழுமலை கம்பெனியில் உலைப் பக்கம் வேலை செய்தவர். மாதத் தொடக்கத்தில் காய்ச்சலும் இருமலும் வந்து பத்து நாள் படுத்தார். திரும்பிப் போனபோது உலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டு, இரும்புச் சாமான்களைத் தண்ணீரில் கழுவும் பக்கம் இவரை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்து வரும்போது விரல் நுனியும் காது மடலும் நீலமாக இருக்கும். ஒன்றுக்குப் போனால் கடுங்காப்பி மாதிரி போகும். அடுப்பு முன்னால் உட்கார்ந்து கையைக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் விரல் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

"காமாலைன்னு சொல்லி நான் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். எங்க மாமியா யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு மந்திரிக்க இட்டுனு போச்சு. இவரு போயி, தண்ணி ஒத்துக்கலை, உலைக்கே மாத்துங்கன்னு கேட்டதுக்கு, ஆக்ட் குடுக்காதடான்னு சொல்லிட்டாங்களாம்."

வாசலில் நின்ற சூப்பர்வைசர் மழையைப் பார்க்கத் திரும்பினார்.

அவள் பேசி முடித்ததும் ட்யூபை ரேக்கில் வைக்கக் கையைத் திறந்தேன். சற்று முன்வரை அந்த ட்யூபின் உள்சுவரில் ஈர மணல் ஒட்டியது போல் பொடிப் பொடியாக இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. வழுவழுவென்று இறங்கியது ரத்தம்.

ட்யூபை ஜன்னலுக்கு வெளியே சாரலில் நீட்டினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மணல் திரும்ப வந்தது. கையில் பொத்தினேன். போய்விட்டது. தகட்டை எடுத்து நாலாவது குழியில் வெறும் உப்புநீர் விட்டு, ஒரு சொட்டு ரத்தம் சேர்த்தேன்.

திரண்டது.

வீண் என்று நான் நிறுத்திவிட்ட சொட்டு. ஏபி என்று சொன்னது சீரம் இல்லை, குளிர். இந்த மனிதரின் ரத்தம் குளிர்ந்தால் தானே திரள்கிறது. எதில் விட்டாலும் திரளும், எவர் ரத்தத்தோடு சேர்த்தாலும் திரளும். அப்படியானால் இவருடைய உண்மையான வகை என்ன? யாருக்கும் தெரியாது. பாட்டிலில் ஏபி ரத்தம் தயாராக இருக்கிறது. சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

வார்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க டாக்டரம்மாவிடம், "நான் வகையைத் தப்பா எழுதிட்டேன்" என்றேன். ட்யூபைக் காட்டி, கன்னியம்மா சொன்னதையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ட்யூபை வாங்கிக் கையில் பொத்தினார். திறந்து பார்த்தார்.

"எழுதத்தானே செஞ்ச? இன்னும் ஏத்தலைல்லா?"

"ஏத்தல."

"அப்ப நேரம் கெடக்கு. போய் எல்லாத்தையும் வெந்நில போடு."

அப்புறம்தான் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இருமச் சொல்லிக் கேட்டார். சில நெஞ்சுச் சளிக் காய்ச்சலுக்குப் பிறகு, கிருமியோடு சண்டை போட உடம்பு செய்த ஆயுதம் சொந்த ரத்த அணுக்கள் மேலேயே திரும்பிவிடும், ஆனால் குளிர்ந்தால்தான் அது போய் ஒட்டும் என்றார். படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை பார்த்தாராம். நர்ஸ் ஸ்டீராய்டு ஊசியை எடுத்துவைத்திருந்தாள். உடம்பே ரத்தத்தை அழிக்கிற நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் முதல் மருந்து. அதற்கு முன் ஒரு பெண்ணுக்கு அது உயிர் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். டாக்டரம்மா அதைத் தள்ளிவைத்தார். "இந்த வகைக்கு அது அவ்வளவா கேக்காது. இதுக்கு மருந்து சூடுதான். நெஞ்சுக் கிருமிக்கு மாத்திரை குடுப்போம். மிச்சம் கம்பளி."

கன்னியம்மா கேட்டதும் அதைத்தானே. நெருப்புச் சட்டியை மட்டும் வார்டுக்குள் விடவில்லை. அதற்குப் பதில் ஆஸ்பத்திரியில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் அவர் மேல் போட்டு, கண்ணாடி பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி அக்குளிலும் காலடியிலும் வைத்தோம்.

சமையல் கட்டில் கஞ்சிக்கு வைத்த உலை நீரை நான் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஊசி, ட்யூப், உப்புநீர், தகடு, சீரம் எல்லாவற்றையும் இளஞ்சூட்டில் வைத்து, புதிதாக ரத்தம் எடுத்து, ஃபிளாஸ்க்கில் போட்டு லேபுக்கு நடந்தேன். சூடான உப்புநீரில் அணுக்களைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். இந்தத் தடவை நாலாவது சொட்டைத்தான் முதலில் விட்டேன். வழுவழு. ஏ குழியில் ஒன்றுமில்லை. பி குழியில் ஒன்றுமில்லை. ஆர்.எச். மட்டும் திரண்டது.

ஓ பாசிட்டிவ். ஓ வகைக்காரருக்கு ஏபி ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலில் பாதி இறங்குவதற்குள் உயிர் போயிருக்கும்.

வராந்தாவில் வந்து நின்றேன். "ஓ பாசிட்டிவ் யாராவது இருக்கீங்களா?"

"ஏபின்னு இல்ல சொன்ன?" என்றார் ஒருவர்.

"தப்பாச் சொல்லிட்டேன்."

அந்த இரண்டு வார்த்தை வாயிலிருந்து வரும்வரைதான் கனம். சொன்ன பிறகு யாரும் என்னை அடிக்க வரவில்லை. பத்துப் பேர் விரலை நீட்டினார்கள். சூட்டிலேயே கலந்து பார்த்ததில் ஒத்துப்போனவர் பஸ் டிரைவர். ஏரித் தண்ணீருக்குள் பஸ்ஸை இறக்கத் தயார் என்று காலையில் சவடால் விட்டவர், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடி, "அம்மாடி, முடிஞ்சதும் சொல்லு, அதுவரைக்கும் என்னாண்ட பேசாத" என்றார்.

சூப்பர்வைசருக்குத்தான் மனத்தாங்கல். "அப்ப என் ரத்தம்?"

"ஃபிரிட்ஜில இருக்கும் சார். உங்களை மாதிரி ஒருத்தர் வருவார்."

"நூறு பேர்ல அஞ்சாறு பேர்தாம்மா. எப்ப வர்றது!"

பாட்டிலை வார்டில் மாட்டியபோது மணி பத்தரை. குளிர்ந்த ரத்தம் உள்ளே போகக் கூடாது. அதே சமயம் அதிகச் சூடானால் அணு வெடித்துவிடும். ரத்தம் இறங்கும் குழாயைச் சுருட்டி ஒரு பேசினில் வெந்நீருக்குள் போட்டோம். முப்பத்தேழைத் தாண்டாமல், இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கையில் தர்மாமீட்டர், ஒரு கையில் சொம்பு. டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டார். சொட்டுச் சொட்டாக, மிக மெதுவாக விட்டார். முதல் கால் மணி நேரத்தில் முதுகுவலி என்று சொன்னால் போச்சு, நடுங்கினால் போச்சு. ஏழுமலையின் முகத்தை விட்டு நான் தர்மாமீட்டரைப் பார்க்க, தர்மாமீட்டரை விட்டு முகத்தைப் பார்க்க, கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அவர் கண்ணைத் திறந்தார். தன் மேல் குவிந்திருந்த கம்பளிகளைப் பார்த்தார். நாடியைப் பிடித்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"இன்னா பண்ணுது? சொல்லுப்பா," என்றார் டாக்டரம்மா. பதற்றத்தில் அவருக்கே எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"பசிக்குது," என்றார் ஏழுமலை.

டாக்டரம்மா நாடியை விட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு வராந்தாவரை போயிருக்க வேண்டும். ஜன்னலில் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரே சீராக ஏறியது. தண்ணீர் வடிந்து ரோடு திறக்க இரண்டு நாள் ஆனது, ஆனால் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் அந்த ஆயுதம் தானே ஓய்ந்து, ஹீமோகுளோபின் ஏறி, வீட்டுக்குப் போனார். கொஞ்ச காலத்துக்குக் குளிர்ந்த தண்ணீரில் வேலை கூடாது என்று டாக்டரம்மா எழுதிய கடிதத்தைச் சூப்பர்வைசர் தானே வந்து வாங்கிக்கொண்டு போனார்.

எழுதிய பழைய சீட்டைக் கிழித்துவிடலாமா என்று எனக்கு அன்று மத்தியானம் தோன்றியது. டாக்டரம்மா வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியான வகையையும் காரணத்தையும் என்னையே எழுதச் சொல்லி, கேஸ் தாளோடு குத்தினார். நீங்களும் கிழிக்காதீர்கள். உங்களுக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. மெஷினும் குளிரைப் பார்த்து ஏமாறும். எதிர்பார்த்ததற்கும் கண்ணால் கண்டதற்கும் ஒத்துவராதபோது, கண்டதைத் திருத்தப் பேனாவைத் திறக்காதீர்கள். அது ஏதோ சொல்ல வருகிறது. நோயாளியின் வீட்டு ஆள் ஏதாவது சொல்ல வந்தால் அதையும் நின்று கேளுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

கன்னியம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாட்டில் முடிந்து கழற்றிய பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, காலையில் நான் செய்ததையும், செய்ய இருந்ததையும் சொன்னேன். "நீ நெருப்பு கேட்டு வராம இருந்திருந்தா, உன் வூட்டுக்காரரை நானே கொன்னிருப்பேன்" என்றேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்து, வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் சொன்னதை யாரும் நின்று கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். திட்டுவாள் என்று நின்றேன்.

"அதுக்கு இன்னாத்துக்குக்கா இப்ப அழுவுற? அவருதான் முழிச்சுனு கீறாரே" என்றாள். "நாலு இட்லி துன்னுட்டு இன்னும் கேக்குறாரு. கடை எங்க கீதுன்னு வந்து காட்டு, வா."